எழுந்து போக அனுமதி உள்ள நாய்

ஒரு படிவத்தில் இருந்த நாலு கட்டங்கள் ரொம்ப நாளாக என்னைக் குடைந்துகொண்டிருக்கின்றன. பருவத் தேர்வு முடிந்ததும் பள்ளியில் கொடுத்த படிவம் அது. குழந்தையின் பெயர், வகுப்பு எல்லாம் எழுதியபிறகு, கீழே ‘நாயால் ஏற்பட்ட முன்னேற்றம்’ என்று ஒரு தலைப்பு. அதற்கடியில் வாசிப்பு வேகம், கவனம், நடத்தை, பிற என்று கட்டம் போட்டிருந்தார்கள். முதல் மூன்றிலும் பத்துக்கு எத்தனை என்று எண் எழுத வேண்டும். நான் பேனாவை மூடிவைத்துவிட்டு, இதை எப்படி நிரப்புவது என்று தலைமையாசிரியையிடமே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க சார். நானும் அப்பப்ப ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். நாய் ஒண்ணுமே செய்யலையே. சும்மா படுத்துக் கிடக்குது. அதுல என்ன முன்னேற்றம்னு நீங்கதான் எழுதித் தரணும்.”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. பள்ளி நேரத்தில் பிள்ளைகளை வகுப்பைவிட்டு வெளியே கூட்டிவந்து ஒரு நாய் பக்கத்தில் உட்காரவைத்து, அதற்கு வாசித்துக்காட்டச் சொல்கிறோம் என்றால், எதற்கு என்று கேட்கும் பொறுப்பு அவருக்கு இருக்கிறது. ஆனால் அந்த ‘சும்மா’ எனக்குள் உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் டைகர் உண்மையிலேயே சும்மாதான் படுத்துக் கிடக்கிறான். அதற்குத்தான் அவனை அங்கே கூட்டிப்போகிறோம்.

டைகர் என்ற பெயரைப் பார்த்து யாரும் தப்புக்கணக்குப் போட வேண்டாம். பூனை முறைத்தால் வழிவிட்டு ஒதுங்கிப் போகிற ஆள். பள்ளிக்குப் போவதற்கு முன் அவனுக்கு நடந்த சோதனைகளைப் பார்த்திருந்தால் பாவப்படுவீர்கள். தடுப்பூசி, குடற்புழு மருந்து, தோலில் படர்தாமரை இருக்கிறதா என்ற பரிசோதனை எல்லாம் கால்நடை மருத்துவர் பார்த்தார். அப்புறம் குணத்துக்குத் தனிச் சோதனை. முதுகுக்குப் பின்னால் தடால் என்று புத்தகத்தைப் போட்டார்கள், சக்கர நாற்காலியைக் கிட்டத்தில் உருட்டிக்கொண்டு போனார்கள், முன்பின் தெரியாதவர்கள் காதைப் பிடித்துப் பார்த்தார்கள், இரண்டு பேர் சண்டை போடுகிற மாதிரி கத்தினார்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ‘இவர்களுக்கு என்ன ஆயிற்று’ என்பதுபோல் என்னைப் பார்த்தான். பாஸ்.

நான் மருத்துவனும் இல்லை, ஆசிரியனும் இல்லை. நாயோடு வருகிறவன், அவ்வளவுதான். பிள்ளைகள் வைத்த பெயர் ‘டைகர் அங்கிள்’. எந்தப் பிள்ளை வர வேண்டும், என்ன குறிக்கோள், எப்போது நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்வது, கற்பதில் சிரமப்படும் பிள்ளைகளைக் கவனிக்கிற சிறப்பாசிரியர். இந்தப் பிரிவினை முக்கியம். நாய் வந்து பிள்ளைகள் தடவிக்கொடுத்துவிட்டுப் போனால் அது மகிழ்ச்சியான ஒரு பொழுது, கெட்டதில்லை. ஆனால் அதைச் சிகிச்சை என்று சொல்ல முடியாது. அதற்கு ஒரு குழந்தை, அந்தக் குழந்தைக்கென்று ஒரு குறிக்கோள், பயிற்சி பெற்ற ஒருவர், நடந்ததை எழுதிவைக்கும் ஒரு பதிவேடு எல்லாம் வேண்டும். இந்தத் துறைக்கான சர்வதேச அமைப்புகளும் சிகிச்சை, கல்வி, வெறும் சந்திப்பு என்று தனித்தனியாகப் பிரித்துத்தான் பேசுகின்றன. பள்ளிகளில் மூன்றையும் ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம், பிறகு சந்திப்பிலிருந்து சிகிச்சையின் பலனை எதிர்பார்க்கிறோம்.

படுத்துக் கிடப்பதில் என்ன இருக்கிறது

நாய் என்ன செய்துவிடப்போகிறது என்ற கேலிக்கு ஒரு வரலாறே உண்டு. நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்று ஒரு குழந்தை உளவியலாளர் இருந்தார். யாரோடும் ஒட்டாத ஒரு பையனை அவனுடைய அம்மா குறித்த நேரத்துக்கு முன்பே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் அப்போது அறையில்தான் இருந்தது. அது நேரே ஓடிப்போய்ப் பையனை நக்கியது, பையன் பயப்படாமல் அதைக் கட்டிக்கொண்டான். அம்மா பிரிக்கப்போனார், லெவின்சன் வேண்டாம் என்று தடுத்தார். அதற்குப் பிறகு பையன் வந்தது நாயோடு விளையாடத்தான். லெவின்சன் அந்த விளையாட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இடம்பிடித்தார். இதை அவர் 1961-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் கூட்டத்தில் சொன்னபோது, உங்கள் ஃபீஸில் நாய்க்கு எத்தனை பங்கு என்று கேட்டுச் சிலர் சிரித்ததாகச் சொல்வார்கள். மறு ஆண்டு அதைக் கட்டுரையாக எழுதினார், 1969-ல் புத்தகமாகவும் கொண்டுவந்தார். சிக்மண்ட் ஃபிராய்டும் தன் ஆலோசனை அறையில் ஜோஃபி என்ற நாயைப் படுக்கவைத்திருந்தார் என்ற விவரம் பிறகு பரவலாகத் தெரியவந்ததும் சிரிப்புச் சத்தம் கொஞ்சம் அடங்கியது. பெரிய மனிதர் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்தானே.

ஜிங்கிள்ஸாவது ஓடிப்போய் நக்கியது. டைகர் அதுகூடச் செய்வதில்லை. அப்படியானால் வெறுமனே பக்கத்தில் இருப்பதில் என்ன நடக்கிறது? எரிகா ஃப்ரீட்மனும் அவருடைய குழுவும் 1983-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது, அவ்வளவு எளிமையானது. குழந்தைகளைச் சும்மா உட்காரச் சொன்னார்கள், பிறகு சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். ஒரு பாதி நேரம் அறையில் நாய் இருந்தது, ஒரு பாதி நேரம் இல்லை. நாய் இருந்தபோது இரண்டு நிலையிலும் ரத்த அழுத்தம் குறைவாக இருந்தது. அந்த நாய் எந்த வித்தையும் காட்டவில்லை. இதைவிட எனக்கு வியப்பாக இருந்தது சத்தமாக வாசித்தாலே அழுத்தம் ஏறுகிறது என்பது. நாமெல்லாம் மறந்துபோன விஷயம் அது. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கே அப்படி என்றால், எழுத்துகள் பிடிகொடுக்காத பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

2012-ல் ஆண்ட்ரியா பீட்ஸ் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். பெரியவர்களோடு நம்பிக்கையான பிணைப்பு இல்லாத சிறுவர்களை வேண்டுமென்றே கொஞ்சம் பதற்றம் தருகிற ஒரு வேலையில் இறக்கினார்கள். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் கதை சொல்ல வேண்டும், கணக்குப் போட வேண்டும். சிலருக்குத் துணையாக நிஜ நாய், சிலருக்கு பொம்மை நாய், சிலருக்கு அன்பாகப் பேசுகிற ஒரு பெண். பதற்றத்தின்போது உடம்பில் கூடுகிற கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவை எச்சிலில் பார்த்தபோது, நிஜ நாய் பக்கத்தில் இருந்த சிறுவர்களுக்குத்தான் பதற்றம் குறைவு. நாயை அதிகம் தொட்டவர்களுக்கு இன்னும் குறைவு. அன்பான மனிதர் தோற்றுப்போன இடம் அது. பெரியவர்களை நம்பிப் பழகாத பிள்ளைக்கு, பெரியவரின் அன்பும் ஒரு தேர்வாகத்தான் தெரிகிறது போலும்.

இதை நான் அறையில் தினமும் பார்க்கிறேன். எவ்வளவு பொறுமையான பெரியவராக இருந்தாலும், பிள்ளை தப்பாக வாசிக்கப்போகிறது என்று தெரிந்த கணத்தில் அவர் உதடு லேசாக அசையும். புருவம் ஏறும். ‘பரவாயில்லை, மறுபடி சொல்லு’ என்பதற்குள்ளேயே ‘நீ சொன்னது தப்பு’ இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் புத்தகத்தைப் பார்ப்பதைவிட நம் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். பாதிச் சொல்லிலேயே நிமிர்ந்து பார்த்து, நம் முகத்தில் விடை தேடுவார்கள். டைகரின் முகத்தில் விடை இல்லை. ‘பம்பரம்’ என்பதை ‘பரம்பரம்’ என்று வாசித்தாலும் அவன் வயிறு அதே வேகத்தில்தான் ஏறி இறங்குகிறது. பள்ளிக்கூடத்துக்குள் மதிப்பெண் போடத் தெரியாத ஒரே ஆள் அவன்தான்.

நாய்க்கு வாசித்துக்காட்டும் முறைக்கு முதலில் ஒழுங்கான வடிவம் கொடுத்தது அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், 1999-ல். இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதைத் தவிரவும் பள்ளிக்குள் விலங்குகள் வந்த விதங்கள் நிறைய. வியன்னாவில் ஒரு முதல் வகுப்பில் நாயை அனுமதித்துக் குழந்தைகளைக் கவனித்தார்கள். முரட்டுத்தனம் குறைந்தது, ஒதுங்கியே இருந்த பிள்ளைகள் கூட்டத்தோடு கொஞ்சம் சேர்ந்தார்கள், ஆசிரியரைக் கவனிப்பதும் கூடியது. நாய் இருந்தால் கவனம் சிதறும் என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். மார்கரீட் ஓஹேர் ஆஸ்திரேலியப் பள்ளிகளில் கினிப் பன்றிகளை வைத்துப் பார்த்தார். ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையோடு மற்ற இரண்டு குழந்தைகள், கையில், தோலின் வழியே பதற்றத்தை அளக்கும் பட்டை. வாசிக்கும்போதும் பொம்மைகளோடு விளையாடும்போதும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பதற்றம் மற்றவர்களைவிட அதிகம், விலங்குகளோடு இருக்கும்போது மட்டும் அது இறங்கியது. ஆக நாய்தான் வேண்டும் என்றில்லை. சில பிள்ளைகளுக்கு மடியில் அடங்குகிற சின்ன உயிர்தான் சரிப்படும். ஆமைக்குட்டி, கோழிக்குஞ்சு என்று கொண்டுவருகிறவர்கள் மட்டும் சால்மொனெல்லா கிருமியைப் பற்றி விசாரித்துவிட்டு வரட்டும்.

டைகர் எழுந்துபோன அன்று

நான் சொல்லவந்த விஷயம் இனிமேல்தான்.

எங்கள் அறையில் ஒரு ஏற்பாடு உண்டு. தரையில் ஒரு பாய், அதில் பிள்ளையும் டைகரும். என் நாற்காலிக்குப் பின்னால் டைகரின் சொந்தப் படுக்கை. கயிறு கட்டியிருப்போம், ஆனால் இழுத்துப் பிடிப்பதில்லை. அவன் எழுந்து தன் படுக்கைக்குப் போய்விட்டால் யாரும் கூப்பிடக் கூடாது, பின்னாலேயே போய்த் தொடவும் கூடாது. பயிற்சியின்போதே சொல்லித்தந்த விதி இது. எனக்கு அது நாயின் நலனுக்கான விதி என்றுதான் மனதில் பதிந்திருந்தது. கடி வாங்காமல் இருப்பதற்கான விதி என்றும் சொல்லலாம்.

அந்தப் பையனுக்குப் பத்து வயது. டிஸ்லெக்சியா, அதாவது அறிவில் குறையில்லாமலே வாசிப்பதில் மட்டும் வரும் சிரமம். பேச்சில் கெட்டிக்காரன், கோள்களைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் சொல்வான். வாசி என்றால் மட்டும் வேறு ஆளாகிவிடுவான். பென்சில் கீழே விழும், பாத்ரூம் வரும், பக்கத்துப் பையனோடு சண்டை வரும். ஒருமுறை புத்தகத்தையே கிழித்திருக்கிறான். வகுப்பில் அவனுக்கு அடாவடி என்று பெயர். சிறப்பாசிரியர் சொன்ன விளக்கம் வேறு: “வாசிக்கத் தெரியாதவன்னு பேர் வாங்கறதைவிட ரௌடின்னு பேர் வாங்கறது அவனுக்குக் கௌரவமா இருக்கு.” சேட்டை செய்தால் வெளியே அனுப்புவார்கள், வெளியே போனால் வாசிக்க வேண்டாம். பத்து வயதில் அவன் கண்டுபிடித்த வழி அது, வேலையும் செய்தது.

டைகரிடம் வரத் தொடங்கி அவன் ஓரளவு அமைதியாக வாசித்துக்கொண்டிருந்த காலம். அன்று கோள்களைப் பற்றிய ஒரு பாடம். ‘சுற்றுப்பாதை’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டான். சுற், சுறு, சுற்று என்று திரும்பத் திரும்ப மோதினான். குரல் ஏறிக்கொண்டே போனது. டைகர் முதலில் கொட்டாவி விட்டான். பிறகு மூக்கை நக்கிக்கொண்டான். தலையை அந்தப் பக்கம் திருப்பினான். நாய் பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும், இதெல்லாம் தூக்கத்தின் அறிகுறி இல்லை, எனக்கு இது பிடிக்கவில்லை என்பதை அது மரியாதையாகச் சொல்கிற விதம். கடைசியில் எழுந்தான், உடம்பை ஒரு உதறு உதறினான், என் நாற்காலிக்குப் பின்னால் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துவிட்டான்.

பையனின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. நாயும் எழுந்து போய்விட்டதே. என் கை பாக்கெட்டில் இருந்த பிஸ்கட்டைத் தேடியது. சிறப்பாசிரியர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

“அதுக்குப் பிடிக்கலையா மிஸ்?”

“போதும்னு நினைச்சிருக்கும்.”

“நான் தப்பா வாசிச்சதாலயா?”

“எது தப்பு எது சரின்னு அதுக்குத் தெரியாதே. உனக்கு முன்னாடி ரெண்டு பேர் வாசிச்சாங்க. களைச்சுப்போயிருக்கும். உன் குரலும் கொஞ்சம் பெருசாயிடுச்சு.”

பையன் என் பக்கம் திரும்பினான். “அங்கிள், அதைத் திட்ட மாட்டீங்களா?”

“எதுக்குடா திட்டணும்?”

“பாதியில எழுந்து போயிடுச்சே.”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சிறப்பாசிரியர்தான் சொன்னார்: “கடிக்கல, குரைக்கல, எதையும் கிழிக்கல. போதும்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்திருக்கு. திட்ட என்ன இருக்கு?” அவர் அந்த ‘கிழிக்கல’வைத் தெரிந்தே போட்டாரா என்று நான் கேட்டதில்லை. பையன் புத்தகத்தில் விரலை வைத்தபடி நாயின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரொம்பத் தணிந்த குரலில் மீதிப் பத்தியை வாசித்தான். ‘சுற்றுப்பாதை’யைத் தாண்டிக் குதித்துப் போனான், நாங்களும் விட்டுவிட்டோம். டைகர் திரும்பி வரவில்லை. வந்திருந்தால் கதை அழகாக இருந்திருக்கும்.

சில வாரம் கழித்து வகுப்பாசிரியை ஒரு புகாரோடு வந்தார். பையன் வகுப்பில் எழுந்து நின்று வாசித்துக்கொண்டிருந்தவன், பாதியில், “மிஸ், எனக்கு இப்போ போதும். மீதிய அப்புறம் வாசிக்கறேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டானாம். மற்ற பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். இதென்ன திமிர், நாய் அறையில் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறீர்களா என்று கேட்டார். நியாயமான கோபம்தான். முப்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு ‘போதும்’ சொன்னால் அவர் எப்படிப் பாடம் நடத்துவது? சிறப்பாசிரியர் அவரை உட்காரவைத்துப் பேசினார். “இவ்வளவு நாளா போதும்னு சொல்ல வழி தெரியாமத்தான் மேசையை உதைச்சுக்கிட்டிருந்தான். இன்னிக்கு வாயால சொல்லியிருக்கான். மேசைக்கு ஒண்ணும் ஆகலையே.” பின்னர் இருவருமாக ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஒரு பாடவேளையில் ஒரு தடவை அவன் போதும் என்று சொல்லலாம், ஆனால் விட்ட இடத்தை அன்றைக்குள் வாசித்துக்காட்ட வேண்டும். சில நாள் காட்டினான். சில நாள் அந்தச் சலுகையை வைத்து நன்றாகவே ஏமாற்றினான். பத்து வயதுப் பையன்தானே.

இதை முழுக்க டைகரின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. அந்தப் பையனோடு சிறப்பாசிரியர் ஏற்கெனவே நிறைய உழைத்திருந்தார். ‘நிறுத்தலாமா’ என்று எழுதிய ஓர் அட்டையைக் கொடுத்து, தாங்க முடியாதபோது இதைத் தூக்கிக் காட்டு என்று பழக்கியிருந்தார். அவன் அந்த அட்டையைத் தொட்டதே இல்லை. அவனுக்கு அந்த அனுமதியில் நம்பிக்கை இல்லை. பெரியவர்கள் நிறுத்தலாம் என்றுதான் சொல்வார்கள், நிறுத்தினால் முகம் மாறும் என்பது அவனுடைய அனுபவம். அன்று அவன் கண்ணெதிரே ஒருவன் போதும் என்று எழுந்துபோனான், யாருடைய முகமும் மாறவில்லை. பிஸ்கட் காட்டி இழுக்கவில்லை, கயிற்றைப் பிடித்துக் கொண்டுவரவில்லை. நான் மட்டும் பிஸ்கட்டைக் காட்டியிருந்தால் அந்தப் பாடம் அங்கேயே முடிந்திருக்கும்.

அந்தப் படிவத்தில் ‘பிற’ என்ற கட்டத்தைச் சிறப்பாசிரியர்தான் நிரப்பினார்: ‘போதும் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறான்.’ மற்ற மூன்று கட்டங்களும் காலி. வாசிப்பு வேகம் கூடியதா என்றால், அந்தப் பருவத்தில் குறிப்பிடும்படியாக இல்லை. தலைமையாசிரியை படித்துவிட்டு, இது முன்னேற்றமா புகாரா என்று கேட்டார்.

அற்புதக் கதைகளும் அவற்றின் மறுபக்கமும்

பேசாத குழந்தை நாயைக் கண்டதும் பேசியது, நடக்காத குழந்தை குதிரையைக் கண்டதும் நடந்தது என்ற மாதிரி வீடியோக்கள் எனக்கு வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடுகின்றன. அனுப்புகிறவர்கள் அன்பில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் இந்தத் துறைக்கு அவை செய்யும் கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை. நாய்க்கு வாசிப்பது பற்றிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2016-ல் ஒரு மதிப்பாய்வு வந்தது. பலன் இருக்கக்கூடும் என்ற பக்கம்தான் அது சாய்ந்தது, ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலானவை தரம் குறைந்தவை என்றும் சொன்னது. குறைவான குழந்தைகள், ஒப்பிட இன்னொரு குழு கிடையாது, நாய் இருந்ததா இல்லையா என்பதை யாரிடமும் மறைக்கவும் முடியாது. டால்ஃபின் சிகிச்சையின் கதை இன்னும் மோசம். லோரி மரீனோ, ஸ்காட் லிலியன்ஃபெல்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதற்குச் சொல்லப்பட்ட ஆதாரங்களை அலசி, நிற்கவில்லை என்று எழுதினார்கள். அதுவும் ஒரு தடவை இல்லை, 1998-லும் 2007-லும். நம்பிக்கையோடு போகும் பெற்றோரிடம் கறந்த பணமும், தொட்டிக்குள் சுற்றும் அந்த விலங்கும் ஒன்றாக நினைவுக்கு வருகின்றன.

நல்ல ஆய்வுகள் சொல்வது அடக்கமாகத்தான் இருக்கிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் குழுவினர் 2022-ல் வெளியிட்டது அப்படி ஒன்று. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள், நாலு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் 20 நிமிடம். ஒரு குழுவுக்கு நாயோடும் அதைக் கூட்டிவருபவரோடும் பொழுது, ஒரு குழுவுக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சி, ஒரு குழுவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத குழுவின் கார்டிசால் பள்ளிப் பருவம் போகப்போக ஏறியது. நாயோடு இருந்த பிள்ளைகளுக்கு ஏறவில்லை. அவ்வளவுதான். பள்ளிப் பருவம் என்பதே பிள்ளைகளின் உடம்பில் பதற்றத்தை ஏற்றுகிறது என்ற பாதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நாயைப் பற்றியே பேசுகிறோம்.

அதே மைன்ட்ஸ் இன்னொரு விஷயத்தையும் ஆராய்ந்திருக்கிறார். சின்னக் குழந்தைகளுக்கு நாயின் முகத்தைப் படிக்கத் தெரிவதில்லை. பல்லைக் காட்டி உறுமுகிற நாயைப் பார்த்து, அது சிரிக்கிறது என்று சொல்கிறார்கள். அதனால் கொட்டாவி, நாக்கு, திரும்பும் தலை, ஓரத்தில் வெள்ளை தெரியும் கண், அசையாமல் விறைத்துப்போவது என்று ஒவ்வொன்றாகப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் பாயில் உட்காரவைக்க வேண்டும். டைகரோடு பழகிய பிள்ளைகள் இதில் தேர்ந்துவிட்டார்கள். அந்தப் பத்து வயதுக்காரன் இப்போது அறை வாசலில் நின்றுகொண்டே, “அங்கிள், மூக்கை நக்குது, அடுத்த ஆளை அனுப்பாதீங்க” என்று எனக்கு உத்தரவு போடுகிறான். பெரும்பாலும் அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது.

நாயைக் கண்டு பயப்படுகிற பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பழகினால் சரியாகிவிடும், வா, தொட்டுப் பார்’ என்று கையைப் பிடித்து இழுக்கிற பெரியவர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். பயத்தைப் போக்குவது தனி வேலை, அதற்கு உளவியலாளர் வேண்டும், படிப்படியாக நடக்க வேண்டும். அது எங்கள் அறையின் வேலை இல்லை. வெறிநாய்க்கடியால் உலகம் முழுக்க இறக்கிறவர்களில் பத்துக்கு நாலு பேர் 15 வயதுக்குக் குறைந்தவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெருவில் நாயைக் கண்டால் ஒதுங்குகிற பிள்ளை ஒன்றும் தவறு செய்யவில்லை. அலர்ஜி உள்ள பிள்ளைகள் இருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் இருப்பார்கள், அவர்களிடம் காரணம் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. நாயின் மறுப்பை மதிக்கிற இடத்தில் பிள்ளையின் மறுப்புக்கு மதிப்பில்லை என்றால் அப்புறம் அந்த அறை எதற்கு?

இதையெல்லாம் சொல்லும்போது தலையாட்டுகிற பள்ளிகள், விழா என்று வந்ததும் மறந்துவிடுகின்றன. டைகருக்கு ஒரு சட்டை மாட்டி, மேடையில் நிறுத்தி, பிள்ளைகளை வரிசையாக அனுப்பிப் படம் எடுக்கலாம் என்று ஒருமுறை யோசனை வந்தது. ஒலிபெருக்கி, விளக்கு, நூற்றுக்கணக்கான கைகள். நான் மாட்டேன் என்றேன். கொஞ்ச நாள் வாசலில் என்னைக் கண்டால் யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாயால் எவ்வளவு தாங்க முடியும் என்பதைவிட, தாங்க முடியாதபோது அதற்குப் போக இடம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. மேடையில் அந்த இடம் கிடையாது. கீழே போக முடியாமல் நிற்கிற நாயைப் பார்த்துப் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு பொறுத்துப்போவதை அவர்கள் வேறு பல இடங்களில் ஏற்கெனவே கற்றுக்கொள்கிறார்கள்.

இப்போது பள்ளி இன்னும் இரண்டு வகுப்புகளுக்கு இதை விரிக்க விரும்புகிறது. சந்தோஷம்தான். ஆனால் டைகருக்கும் வயது ஏறுகிறது, பின்னங்காலில் லேசான விறைப்பு தெரிகிறது. அதனால் சில நிபந்தனைகளை எழுதிக்கொடுத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று குழந்தைகளுக்கு மேல் கூடாது. சிறப்பாசிரியர் இல்லாத நாளில் அறை திறக்கக் கூடாது. டைகர் எழுந்துபோனால் அன்றைய பொழுது முடிந்தது, அடுத்த பிள்ளை வரிசையில் நின்றாலும் சரி. அவன் ஓய்வுபெறப்போகிறான் என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஒருநாள் திடீரென்று காணாமல் போகக் கூடாது. படிவத்திலிருந்து பத்துக்கு எத்தனை என்பதை எடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலைமையாசிரியை ஒப்புக்கொண்டார், எண் போடும் கட்டம் உட்பட. அவர் பதிலுக்குக் கேட்பது ஒன்றே ஒன்று: பெற்றோர் கூட்டத்தில் காட்டுவதற்கு ஒரு சின்ன வீடியோ, பிள்ளைகளின் முகம் தெரியாமல். எனக்கு அது பெரிய தப்பாகத் தெரியவில்லை. பணமும் நேரமும் ஒதுக்கச் சொல்கிறவர்களிடம் அவர் எதையாவது காட்டித்தானே ஆக வேண்டும். சிறப்பாசிரியர் கேமராவே வேண்டாம் என்கிறார். முகம் தெரியாவிட்டாலும் தன்னை எடுக்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியும், அந்த நிமிடமே அது மறுபடியும் சரியாக வாசிக்கப் பார்க்கும் என்பது அவர் வாதம். அதுவும் சரிதான். அடுத்த வாரம் மூன்று பேரும் உட்கார்ந்து பேசப்போகிறோம்.